நூற்றுக்கு ஐம்பது

போன வருஷம் ஒரு நண்பனின் சிறுகதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். புத்தகம் சுமார்தான். பதினோரு கதைகளில் இரண்டு தேறும். மிச்சம் ஒன்பதும் ஏற்கெனவே யாரோ எழுதி, நாம் படித்து மறந்துவிட்ட கதைகள். ஆனால் நான் அப்படி எழுதவில்லை. "நம்பிக்கையளிக்கும் வருகை" என்று எழுதினேன். "மொழியில் இன்னும் கவனம் கூடும்போது" என்று நடுவில் ஒரு வரியைச் செருகி, மனசாட்சியோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்லூரி மாணவி செய்தி அனுப்பியிருந்தார்: "அண்ணா, நீங்க எழுதினதப் படிச்சுட்டுத்தான் வாங்கினேன். எனக்குத்தான் புரியலையா, இல்ல புக்கே அப்படித்தானா?"

விலை 220 ரூபாய். ஹாஸ்டலில் இருக்கிற பெண். மெஸ் பில் போக மாசம் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கிருந்து வந்தவன்தான்.

பதில் எழுதாமல் தள்ளிப்போட்ட அந்த நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது, கேட்டால் சிரிப்பீர்கள், நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் கேம் பத்திரிகை. பழைய கம்ப்யூட்டர்கள் மேல் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எதற்கும் உதவாத பைத்தியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பத்திரிகையின் பெயர் க்ராஷ். இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில், ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் லட்லோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பழைய கோட்டையும் சந்தையும் உள்ள ஊர். லண்டன் பத்திரிகை உலகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ராஜர் கீன், ஓவியர் ஆலிவர் ஃப்ரே, ஆலிவரின் சகோதரர் ஃப்ராங்கோ ஃப்ரே ஆகிய மூவரும் 1983-இல் அங்கே நியூஸ்ஃபீல்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது அவர்கள் கையில் பத்திரிகை இல்லை. தபாலில் கேம் விற்கும் கடைதான் இருந்தது. என்னென்ன கேம்கள் இருக்கின்றன, எது எப்படி என்று சொல்லும் விலைப்பட்டியல் ஒன்று போட்டார்கள். அந்தப் பட்டியல் வளர்ந்துதான் 1984-இன் தொடக்கத்தில் க்ராஷ் மாத இதழ் ஆனது.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கான பத்திரிகை அது. க்ளைவ் சின்க்ளேரின் கம்பெனி 1982 ஏப்ரலில் அதைக் கொண்டுவந்தது. 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு, 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. அழிரப்பரைப் போல அமுங்கும் சாவிகள். வீட்டு டிவியில் செருக வேண்டும். கேம் ஒலிநாடாவில் வரும், சாதாரண டேப் ரிக்கார்டரில் போட்டு ஏற்ற வேண்டும். திரையின் ஓரத்தில் வண்ணக் கோடுகள் துடிக்க, கீச்சுக் கீச்சென்று அஞ்சு நிமிஷம் கத்தும். கடைசியில் தோல்வியடைந்தால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இப்படி ஏற்றிப் பார்த்த பிறகுதான் வாங்கின கேம் நல்லதா மொக்கையா என்றே தெரியும்.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமான விஷயம் இதுதான். ஒரு கேசட்டின் விலை ஐந்தாறு பவுண்டு. 1983-இல் வந்து எல்லாரையும் பைத்தியமாக்கிய மேனிக் மைனர் 5.95 பவுண்டு. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது பல வாரப் பாக்கெட் மணி. கடையில் போட்டுப் பார்க்க முடியாது. உறையைக் கிழித்தபின் திருப்பித் தருவது பெரும்பாலும் நடக்காது. அட்டையில் விண்கலம் வெடித்துச் சிதறும் அற்புதமான ஓவியம் இருக்கும், உள்ளே இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று துரத்தும். காசு போச்சு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அவ்வளவுதான். (க்ராஷின் அட்டைகளை வரைந்த ஆலிவர் ஃப்ரேயின் ஓவியங்களும் எந்த ஸ்பெக்ட்ரம் கேமும் தர முடியாததைத்தான் வாக்களித்தன. அவர் 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்தின் தொடக்கக் காட்சிக்கான காமிக்ஸ் பக்கங்களை வரைந்தவர். அட்டையில் பொய், உள்ளே உண்மை என்று எடுத்துக்கொண்டால் அதுவும் ஒரு நேர்மைதான்.)

யார் தீர்ப்புச் சொல்வது? க்ராஷ் எடுத்த முடிவு எனக்கு இன்றும் துணிச்சலாகத் தெரிகிறது. லட்லோவின் பள்ளிக்கூடப் பையன்களைக் கூப்பிட்டார்கள். பள்ளி விட்டதும் அவர்கள் வந்து கேம்களை விளையாடிப் பார்த்து, கருத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஒரு கேமுக்கு வழக்கமாக மூன்று பேர். கேம் என்ன, எப்படி ஆடுவது என்று முதலில் ஒரு விவரணை. அதன் கீழே மூன்று கருத்துகள் தனித்தனியாக, பெயர் இல்லாமல். அப்புறம் மதிப்பெண்கள்: வரைகலைக்கு இவ்வளவு, ஆடும் சுகத்துக்கு இவ்வளவு, அடிமையாக்கும் தன்மைக்கு இவ்வளவு, கொடுத்த காசுக்கு மதிப்பு இவ்வளவு. இறுதியில் மொத்தமாக ஒரு சதவீதம். 90-ஐத் தாண்டினால் 'க்ராஷ் ஸ்மாஷ்' என்ற பட்டம்.

மூன்று பேரும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருத்தன் உருகியிருப்பான், பக்கத்திலேயே இன்னொருத்தன் போரடிக்குது என்று எழுதியிருப்பான். இரண்டும் அச்சாகும். மொத்த மதிப்பெண் அந்தச் சண்டையை ஒரே எண்ணுக்குள் அமுக்கிவிடும் என்றாலும், சண்டை கண்முன் இருக்கும். நாம் இப்போது எழுதும் மதிப்புரைகளில் இந்த இரண்டாவது குரலே கிடையாது. ஒருத்தர் எழுதுகிறார், மற்றவர்கள் இன்பாக்ஸில் திட்டுகிறார்கள்.

டேவிட் ஹியூம் 1757-இல் ரசனையின் அளவுகோல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆளாளுக்கு ரசனை வேறுபடும்போது யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. நல்ல நீதிபதிக்கு என்னென்ன வேண்டும் என்று அவர் சொல்கிறார்: நுட்பமான உணர்வு, பயிற்சி, ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம், முன்முடிவில்லாத மனம், தெளிந்த அறிவு. தான் கிகோத்தே நாவலிலிருந்து ஒரு கதையையும் எடுத்துக்காட்டுகிறார். சாஞ்சோவின் உறவினர்கள் இருவரிடம் ஒரு பீப்பாய் மதுவைக் கொடுத்துக் கருத்துக் கேட்கிறார்கள். நல்ல மது, ஆனால் லேசாகத் தோல் வாசனை அடிக்கிறது என்கிறான் ஒருவன். இல்லை, இரும்பு வாசனை என்கிறான் இன்னொருவன். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானதும் அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது.

அருமையான கதை. ஆனால் லட்லோ பையன்களைப் பற்றி வாசித்தபின் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த உறவினர்கள் மதுவுக்குக் காசு கொடுத்தார்களா? ஹியூமின் பட்டியலில் காசு இல்லை. அவருடைய நீதிபதி எதையும் வாங்குவதில்லை, சுவைத்துச் சொல்கிறார். பயிற்சியும் ஒப்பீடும் அந்தப் பையன்களிடமும் இருந்தன. வாரத்துக்குப் பத்துக் கேம் ஆடுகிறவனைவிடப் பயிற்சி யாருக்கு இருக்கும்? அதோடு ஹியூம் கேட்காத ஒன்றும் இருந்தது. போன மாசம்வரை அவர்களும் சொந்தக் காசைக் கொடுத்து ஏமாந்தவர்கள். தோல் வாசனை அடிக்கிறது என்று சொல்வதற்கும், இந்த வாசனைக்கா ஆறு பவுண்டு கொடுக்கச் சொல்கிறாய் என்று கேட்பதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. முதலாவது ரசனை பற்றியது. இரண்டாவதில்தான் அறம் என்ற கேள்வி வருகிறது.

இதில் ஓட்டை இருக்கிறது என்பதும் உண்மை. பத்திரிகைக்கு வேலை செய்யும் பையனுக்குக் கேம் இலவசம். ஆறு மாசம், ஒரு வருஷம் ஆனால் ஆறு பவுண்டின் கனம் அவனுக்கு மறந்துபோகும் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு மறந்துபோயிற்று. பதிப்பகங்கள் புத்தகங்களை வீட்டுக்கே அனுப்பத் தொடங்கியபின் பின்னட்டையில் விலை போட்டிருக்கும் மூலையை நான் பார்ப்பதே இல்லை. நண்பனின் புத்தகம் 220 ரூபாய் என்பதை அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, கேமை விற்கும் கடையே அதை மதிப்பிடலாமா? இன்றைய மொழியில் இதை நலன்முரண் என்போம், கமிட்டி போடுவோம். ஆனால் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சியை யோசித்துப் பாருங்கள். "தம்பி, இந்த வாரம் துவரம் பருப்பு சரியில்ல, அடுத்த வாரம் எடுத்துக்கோங்க" என்று அவர் சொல்வார். அவர் மகான் இல்லை. அடுத்த வாரமும் நான் வர வேண்டும், அவ்வளவுதான். தபால் கடைக்கும் அதே கணக்கு. ஏமாந்த பையன் மறுபடி எழுத மாட்டான். விற்பவனின் நேர்மை அவனுடைய சுயநலத்திலேயே வேர்விட முடியும் என்பது கொஞ்சம் அசௌகரியமான உண்மை. ஆனால் விளம்பரம் பெரிதாகும்போது இது உடைகிறது. காசு பையனிடமிருந்து வருவதைவிடக் கேம் கம்பெனியிடமிருந்து அதிகம் வரத் தொடங்கும்போது அண்ணாச்சியின் வாடிக்கையாளர் மாறிவிடுகிறார். 1986 வாக்கில் க்ராஷ் மாதம் ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்தக் கால இதழ்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் முழுவண்ண விளம்பரங்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேனிக் மைனரை எழுதிய மேத்யூ ஸ்மித்துக்கு அப்போது வயது 17. அந்தக் காலத்துக் கேம்களில் பல, படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து ஒரே ஆள் எழுதியவை. லட்லோவில் ஒரு பையன் குப்பை என்று எழுதினால், வேறெங்கோ அதே வயதுப் பையன் ஒருவன் நொறுங்கியிருப்பான். மேத்யூ ஸ்மித்துக்குப் புகழ் கிடைத்தது. கிடைக்காதவர்களின் பெயர்கள் அந்த இதழ்களில் சின்ன எழுத்தில், 40-க்கும் 30-க்கும் மேலே நிற்கின்றன. நான் நண்பனின் புத்தகத்தைப் புகழ்ந்ததற்கு நட்பு மட்டும் காரணமில்லை. அவன் நாலு வருஷமாக அந்தக் கதைகளோடு கிடந்ததைப் பார்த்தவன் நான். உழைப்பைப் பார்த்துவிட்டால் கை எழும்பாது. பெயரில்லாத பெட்டிக்குள் எழுதிய அந்தப் பையன்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

பெயர் என்றதும் ஒரு சின்ன விஷயம். க்ராஷில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் லாய்ட் மாங்ரம். அப்படி ஒருவர் கிடையாது, ஆசிரியர் குழு உருவாக்கிய ஆள். வாசகர்கள் அவருக்கு உருகி உருகிக் கடிதம் போட்டார்கள். இந்தப் பொய் எனக்கு ஏன் தப்பாகத் தெரியவில்லை என்று யோசித்தேன். அதை நம்பி யாரும் காசு இழக்கவில்லை என்பதாலா? அது மட்டும் காரணமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. 1985-இல் போட்டிப் பத்திரிகையான சின்க்ளேர் யூஸரைக் கேலி செய்து சில பக்கங்கள் போட்டார்கள். அவர்கள் சட்டத்தின் துணையை நாட, இதழை விற்பனையிலிருந்து எடுத்து, அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகே மறுபடி விற்க வேண்டியதாயிற்று. 1991-இல் நியூஸ்ஃபீல்ட் திவாலானது. க்ராஷ் கைமாறி, 1992 ஏப்ரலில் நின்றது.

ஆனால் அதற்குள் அங்கிருந்து ஒரு விதை வேறிடத்துக்குப் போயிருந்தது. நியூஸ்ஃபீல்ட் 1985-இல் கமடோர் 64 கம்ப்யூட்டருக்காக ஸாப்64 என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்கு முதல் ஆசிரியராக இருந்தவர் க்ரிஸ் ஆண்டர்சன். பாகிஸ்தானில் பிறந்து, முசூரியில் பள்ளிப் படிப்பு படித்தவர். ஆமாம், பிற்பாடு டெட் உரைகளை உலகம் முழுக்கக் கொண்டுசென்ற அதே ஆண்டர்சன்தான். சீக்கிரமே அங்கிருந்து விலகி, அதே வருஷம் ஃப்யூச்சர் என்ற சொந்தப் பதிப்பகத்தைத் தொடங்கினார். அந்த ஃப்யூச்சர், 1991 மே மாதம் பாத் நகரிலிருந்து அமிகா பவர் என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தது. க்ராஷ் கேட்ட கேள்வியை அது வேறொரு முனையிலிருந்து பிடித்தது. எண் என்றால் என்ன என்று கேட்டது.

நம் ஊரில் 35 எடுத்தால் பாஸ். 35 என்றால் தப்பித்துவிட்டான் என்று அர்த்தம், 60 என்றால் பரவாயில்லை. பிரிட்டிஷ் கேம் பத்திரிகைகளில் எண்பதுகளின் முடிவில் கதையே வேறு. சுமாரான கேமுக்கு 70 போடுவது வழக்கமாகிவிட்டது. நல்லதுக்கு 85, ரொம்ப நல்லதுக்கு 90-க்கு மேல். 70-க்குக் கீழே போட்டால் கம்பெனிக்காரர் போன் செய்வார். நூறு படிகள் உள்ள ஏணியில் கீழே இருந்த அறுபது படிகள் சும்மா கிடந்தன. யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே மாதிரி கூட்டிப் போட்டால் 70 என்றால் சுமார் என்று வாசகனே புரிந்துகொள்ள மாட்டானா? பழைய வாசகன் புரிந்துகொள்வான். புதிதாக வந்தவன் நூற்றுக்கு எழுபதா என்று சந்தோஷமாகப் போய் வாங்குவான். இப்போது அமிகா கேம் ஒன்றின் விலை 25 பவுண்டைத் தாண்டியிருந்தது. "நம்பிக்கையளிக்கும் வருகை" என்பதும் ஒரு 70-தான். இலக்கிய வட்டாரத்தில் பத்து வருஷம் புழங்கியவர்களுக்கு அதன் பொருள் தெரியும். ஹாஸ்டல் பெண்ணுக்குத் தெரியாது.

அமிகா பவர் செய்தது மிக எளிய காரியம். சராசரியான கேமுக்கு 50 என்றார்கள். அதைவிட மோசமானதற்கு அதற்குக் கீழே. முழுதாக முடிக்கப்பட்ட கேமை மட்டுமே மதிப்பிடுவோம் என்றும் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முந்திக்கொள்ள வேண்டும் என்று பாதி வெந்த கேமுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்த எளிய காரியத்துக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. யார்க்ஷயரைச் சேர்ந்த டீம்17 அமிகாவின் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அவர்களுடைய சில கேம்களுக்கு 50-க்குக் கீழே போட்டார்கள். சண்டை முற்றி, மதிப்புரைக்குக் கேம் அனுப்புவதையே அவர்கள் நிறுத்தினார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஊரெல்லாம் 70-ஐச் சுமார் என்று வைத்திருக்கும்போது ஒரே ஒரு கடையில் மட்டும் 45 என்று பலகை தொங்கினால், வாங்க வருகிறவன் அதை எப்படி வாசிப்பான்? தனியொருவன் நேர்மையாக அளந்தால் அந்த அளவுகோலே தப்பாக வாசிக்கப்படும். அதனால் எல்லாரோடும் சேர்ந்து 70 போடலாமா என்றால், முடியாது என்றே தோன்றுகிறது. என் கணக்கு இது, அதற்கு இதுதான் பொருள் என்று மாதாமாதம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அமிகா பவர் அதைச் செய்தது.

1994-இல் ரைஸ் ஆஃப் தி ரோபாட்ஸ் வந்தது. மாசக்கணக்கில் விளம்பரம், அசத்தும் படங்கள், குயீன் குழுவின் ப்ரையன் மே பெயர் வேறு. உள்ளே பார்த்தால், ஒரே உதையைத் திரும்பத் திரும்ப உதைத்தே ஜெயித்துவிடக்கூடிய சண்டைக் கேம். அமிகா பவர் கொடுத்தது 5 சதவீதம். வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரித்து முடித்ததும்தான் ஒன்று உறைத்தது. எனக்குப் பிடித்தது அந்த உண்மை மட்டுமல்ல, அந்த அடியும்தான். அமிகா பவரின் எழுத்தில் ஒரு கொண்டாட்டமான குரூரம் உண்டு. மோசமான கேம் கையில் கிடைத்தால் அவர்களுக்குத் தீபாவளி. வாசகனின் 25 பவுண்டுக்காகக் கோபப்படும் குரல் எந்த இடத்தில் தன் கூர்மையைத் தானே ரசிக்கும் குரலாக மாறுகிறது?

1993 இறுதியில் நடந்த ஒன்று இதைக் காட்டுகிறது. கேனன் ஃபாடர் என்ற போர்க் கேம். அதில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் பெயர் உண்டு. செத்தால் பெயர் திரையில் வரும், ஒரு குன்றின்மேல் கல்லறை முளைக்கும், அந்தக் குன்றுக்கு முன்னாலேயே புதுசாகச் சேர வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதன் விளம்பரத்தில் சிவப்புப் பாப்பிப் பூ. பிரிட்டனில் போரில் இறந்தவர்களை நினைத்து நவம்பர் மாதம் சட்டையில் குத்திக்கொள்ளும் பூவின் சாயல் அது. முன்னாள் படைவீரர்களின் அமைப்பான ராயல் பிரிட்டிஷ் லீஜன் கண்டித்தது, ஒரு நாளிதழும் கொதித்தது. அமிகா பவரும் அந்தப் பூவை அட்டையில் போடத் திட்டமிட்டிருந்து, பிறகு மாற்றியது. ஆனால் பதிலடியாக அதன் ஆசிரியர் முதிய படைவீரர்களைப் பற்றி எழுதிய வார்த்தைகளை இங்கே எடுத்துப்போட எனக்கு மனமில்லை. அந்தக் கிழவர்கள் யாருக்கும் மோசமான கேம் விற்கவில்லை. யாருடைய காசையும் ஏமாற்றவில்லை. வாசகனுக்காகத் தீட்டிய கத்தி, குறுக்கே வந்த யார் மேலோ பாய்ந்துவிட்டது. தன்னைத் துணிச்சல்காரன் என்று நம்பத் தொடங்கியவனுக்கு, எதிரே நிற்பவர் யார் என்று பார்க்கும் பொறுமை போய்விடுகிறது. நம் முகநூல் விமர்சகர்கள் சிலரை நினைத்துக்கொண்டீர்கள் என்றால் நான் பொறுப்பில்லை.

கமடோர் கம்பெனி 1994-இல் திவாலானது. அமிகா கேம் சந்தை சுருங்கிக்கொண்டே வந்தது. அமிகா பவர் 65 இதழ்களோடு 1996 செப்டம்பரில் முடிந்தது. 50-க்கும் 70-க்கும் நடந்த சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துகொள்ள, இன்று எந்தத் தளத்துக்கும் போய் 3.5 நட்சத்திரம் உள்ள ஒரு ஓட்டலையோ புத்தகத்தையோ நீங்கள் தேர்ந்தெடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள்.

நண்பனின் தொகுப்பை மறுபடி எடுத்து வாசித்தேன். இந்தத் தடவை பின்னட்டையில் விலையைப் பார்த்துவிட்டு. இரண்டு கதைகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. ஒன்றில், பேருந்து நிலையத்தில் அப்பாவை விட்டுவிட்டு வரும் மகன் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் இடம் முதல் வாசிப்பைவிட இப்போது இன்னும் பிடித்தது. முதல் மதிப்புரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எல்லாவற்றையும் பொதுவாகப் புகழ்ந்ததில் அது காணாமல் போயிருந்தது. மற்ற ஒன்பது கதைகள் அப்படியேதான் இருக்கின்றன.

அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். "புக்கே அப்படித்தான். மூணாவது கதையும் எட்டாவது கதையும் மட்டும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. நான் எழுதினது தப்பு." என் கணக்கில் 48 என்றும் சேர்த்து எழுதினேன், அமிகா பவர் கணக்கு என்று விளக்கமும் கொடுத்தேன். அவருக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. எட்டாவது கதை ஏற்கெனவே பிடித்திருந்தது என்று பதில் வந்தது.

நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாசம் ஊருக்கு வருகிறான்.